போடா காளானைப் பண்ணையில் வளர்க்க முடியாதது ஏன்? மர வேருக்கும் பூஞ்சைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் கணக்கு

சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பகுதியில் ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் சந்தைக்கு ஒரு புதுச் சரக்கு வரும். கோலிக்குண்டு அளவில், மண் ஒட்டிய சின்னச் சின்ன உருண்டைகள். தெரியாதவர்கள் ஏதோ கிழங்கு என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். உள்ளூரில் இதற்குப் பெயர் 'போடா'. மண்ணுக்குள்ளேயே விளையும் ஒரு வகைக் காளான். சீசன் தொடக்கத்தில் இதன் விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும்.

ஜார்க்கண்டில் இதே வகைக் காளானை 'ருக்டா' என்கிறார்கள். நம்மூர் ஆடி மாதத்தை ஒட்டி வரும் 'சாவன்' மாதத்தில் அங்கே பலர் கறி சாப்பிட மாட்டார்கள். அந்த நாட்களில் ருக்டாதான் அவர்களுக்கு மட்டன். இடி நன்றாக இடித்தால் ருக்டா நிறைய முளைக்கும் என்பது கிராமத்து நம்பிக்கை. அதிகாலையில் குச்சியோடு காட்டுக்குள் போய், மண்ணைக் கீறிக் கீறி இதைப் பொறுக்குவது பெரும்பாலும் பழங்குடிப் பெண்கள். வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் வருமானம் இது.

இவ்வளவு விலை போகிற காளானை, சிப்பிக் காளான் மாதிரி கொட்டகை போட்டு வளர்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வைக்கோல் மூட்டையில் மட்டும் வைத்து இதை விளைவிக்க முடியாது. அதற்கு உயிரோடு இருக்கும் மரத்தின் வேர் வேண்டும். பஸ்தரில் அந்த மரம், சால மரம்.

சால மரம் என்பது எது?

இந்தியில் 'சால்'. குங்கிலியப் பிசின் தரும் மரம். புத்தர் இரண்டு சால மரங்களுக்கு நடுவே பரிநிர்வாணம் அடைந்தார் என்பது பௌத்த மரபு. ஆங்கிலேயர் காலத்தில் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காக ஏராளமாக வெட்டப்பட்டது. இமயமலை அடிவாரத்திலும், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா காடுகளிலும் கூட்டங்கூட்டமாக வளர்கிறது. தமிழ்நாட்டில் சாலக் காடுகள் இல்லை.

சிப்பிக் காளானுக்கும் போடாவுக்கும் என்ன வித்தியாசம்?

காளான் என்று நாம் பறிப்பது பூஞ்சையின் ஒரு பகுதி மட்டுமே. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. அசல் உடம்பு மண்ணுக்குள்ளோ மரக்கட்டைக்குள்ளோ நூல் நூலாகப் பரவியிருக்கும்.

சிப்பிக் காளான், பட்டன் காளான் போன்றவை மட்கிய பொருளைத் தின்று வாழ்பவை. வைக்கோல், மரத்தூள், உரக்குப்பை என்று எது கிடைத்தாலும் அதைச் சிதைத்துச் சாப்பிட்டுக்கொள்ளும். அதனால் அறைக்குள் வளர்ப்பது சுலபம்.

போடா பூஞ்சை வாழும் விதம் வேறு. அது மரத்தின் நுனிவேர்களைச் சுற்றி உறை போல நெய்துகொண்டு, மரம் தரும் சர்க்கரையில் வாழ்கிறது. பதிலுக்கு மண்ணிலிருந்து சத்தையும் நீரையும் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கிறது. இந்தக் கூட்டுவாழ்க்கைக்குத்தான் 'மைகோரைசா' என்று பெயர். தமிழில் பூஞ்சைவேர் எனலாம்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

இதன் தொடக்கமும் விலை உயர்ந்த ஒரு காளான்தான். ஐரோப்பாவில் 'ட்ரஃபிள்' என்று ஒரு காளான் உண்டு. அதுவும் மண்ணுக்கடியில்தான் விளையும். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பிரஷ்ய அரசு, இதைப் பயிரிட வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியல் அறிஞரிடம் பொறுப்பைக் கொடுத்தது.

ட்ரஃபிள் பயிரிடும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மர வேர்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்தபோது, நுனிவேர்கள் எல்லாவற்றையும் பூஞ்சை மூடியிருப்பதைக் கவனித்தார். மரங்களோ நோயில்லாமல் நன்றாகவே இருந்தன. அப்படியானால் இந்தப் பூஞ்சை மரத்தைக் கெடுக்கவில்லை, அதற்கு உதவுகிறது என்று 1885-ல் எழுதினார். கிரேக்க மொழியில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து 'மைகோரைசா' என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். பூஞ்சை என்றாலே நோய் என்று நினைத்திருந்த காலம் அது. பலர் ஏற்றுக்கொள்ளவில்லை.

மரத்துக்கு இதில் என்ன லாபம்?

முக்கியமான லாபம் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. மண்ணில் இது இருந்தாலும் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் மணிச்சத்தை எடுத்து முடித்ததும், அந்த இடம் காலியாகிவிடும். அடுத்த கவளம் தானாக வந்து சேராது. வேர்தான் தேடிப் போக வேண்டும். வேரை நீட்டுவது மரத்துக்குச் செலவு பிடிக்கும் வேலை.

பூஞ்சை இழையோ தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளிலும் அது புகுந்துவிடும். குறைந்த செலவில் நிறைய தூரம் போகும். மரம் தானாக ஒரு வேரை நீட்டுவதைவிட, பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்து வேலை வாங்குவது மலிவு.

பூஞ்சைக்கு என்ன லாபம்? அதனால் சூரிய ஒளியில் உணவு தயாரிக்க முடியாது. இலை தயாரிக்கும் சர்க்கரைதான் அதற்குச் சாப்பாடு. சர்க்கரையோடு கொழுப்பையும் செடியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பூஞ்சை வகைகள் உண்டு என்பது 2017-ல் வந்த ஆய்வுகளில் உறுதியானது.

ஏமாற்றினால் என்ன ஆகும்?

இது பாசத்தில் நடக்கிற உதவி இல்லை, வியாபாரம். 2011-ல் டோபி கியர்ஸ் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெந்தயத்துக்கு உறவான ஒரு செடியின் வேரில், நிறைய மணிச்சத்து கொடுக்கும் பூஞ்சையையும் குறைவாகக் கொடுக்கும் பூஞ்சையையும் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். நன்றாகக் கொடுத்த பூஞ்சைக்குச் செடி அதிக உணவு அனுப்பியது. பூஞ்சையும் சளைத்ததில்லை. அதிகச் சர்க்கரை தரும் வேருக்கே அதிக மணிச்சத்தைத் தள்ளியது. இருபக்கமும் கறாராகக் கணக்குப் பார்க்கிறார்கள்!

எல்லா மரங்களுக்கும் இது உண்டா?

நிலத்தில் வாழும் தாவர இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது ஏதாவது ஒரு பூஞ்சையோடு இப்படிச் சேர்ந்துதான் வாழ்கின்றன. முட்டைக்கோஸ், கடுகு குடும்பம் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. மரங்களைப் பொறுத்தவரை இரண்டு வகைகள் முக்கியம்.

முதல் வகையில் பூஞ்சை வேர்ச் செல்லுக்கு உள்ளேயே நுழைந்து, குட்டி மரம் போலக் கிளை விரிக்கும். வெளியில் காளான் எதுவும் தெரியாது. வேப்பமரம், மா, தென்னை, வாழை, நெல், சோளம் என நம் வயலிலும் தோப்பிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்த வகை பூஞ்சை இருக்கிறது. அந்தத் தாவரங்களுக்குச் சரியான வேரே கிடையாது. வேர் வருவதற்கு முன்பே பூஞ்சை வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது வகையில் பூஞ்சை வேர்ச் செல்லுக்குள் போகாது. வேருக்கு வெளியே உறையாகவும், செல்களுக்கு இடையில் வலையாகவும் பரவும். பைன், ஓக், சாலம் எல்லாம் இந்த வகை. இப்படி வாழும் மர இனங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பெருங்காடுகளாகச் சேர்ந்து நிற்பவை. ட்ரஃபிளும் போடாவும் இந்த வகைப் பூஞ்சைகளின் காளான்கள்.

சாலத்தின் உறவுக்கார மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. வெள்ளைக் குங்கிலியம் அவற்றில் ஒன்று. கர்நாடகத்தின் உப்பங்கலா மழைக்காட்டில் இம்மரங்களோடு வாழும் பூஞ்சைகளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.நடராஜன் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2005-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

பூஞ்சை இல்லாவிட்டால் மரம் வளராதா?

இதற்கு நல்ல பதில் கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கிடைத்தது. அங்கே இயற்கையாக பைன் மரம் கிடையாது. மரத்துக்காக பைன் வளர்க்கலாம் என்று வெளியிலிருந்து விதை கொண்டுவந்து திரும்பத் திரும்ப விதைத்தார்கள். நல்ல வெயில், நல்ல மழை. விதையும் முளைத்தது. ஆனால் கன்றுகள் கொஞ்சம் வளர்ந்ததும் மஞ்சளாகி, அப்படியே நின்று, செத்துப்போயின. உரம் போட்டும் சரியாகவில்லை.

1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், பைன் மரத்தடியில் இருந்து கொஞ்சம் மண் எடுத்து வந்து கன்றுகளின் வேரடியில் போட்டார்கள். அவ்வளவுதான். மண் போட்ட கன்றுகள் பச்சைப்பசேல் என்று எழுந்தன. மண் போடாத கன்றுகள் பழையபடியே சோர்ந்து நின்றன. அந்த மண்ணில் பைனுக்கு உரிய பூஞ்சைகள் இருந்தன. விதை மட்டும் கடல் தாண்டி வந்திருந்தது. அதன் கூட்டாளி வரவில்லை.

மரத்தை வெட்டினால் பூஞ்சை என்ன ஆகும்?

இதை மரத்தை வெட்டாமலேயே சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள். மரத்தின் பட்டையை ஒரு வளையம் போல உரித்துவிட்டால், இலையில் தயாராகும் சர்க்கரை கீழே வேருக்கு இறங்காது. தண்ணீர் மட்டும் உள்கட்டை வழியாக மேலே போய்க்கொண்டிருக்கும். அதனால் மரம் உடனே பட்டுப்போகாது. வடக்கு ஸ்வீடனின் பைன் காட்டில் இப்படிப் பட்டை உரித்த மரங்களின் அடியில் மண்ணை அளந்து பார்த்தார்கள்.

முடிவு 2001-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒன்றிரண்டு மாதங்களுக்குள் அந்த மண் வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. அதாவது மண்ணின் மூச்சில் பாதி, அன்றாடம் இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையை நம்பி நடந்துகொண்டிருந்தது. அந்த இடங்களில் வேரோடு வாழும் பூஞ்சைகளின் காளான்களும் கிட்டத்தட்ட காணாமல் போயின.

போடா விஷயத்திலும் இதே கணக்குதான். சால மரம் போனால் அதன் வேரில் வாழும் பூஞ்சைக்குச் சாப்பாடு நின்றுவிடும். காளான் பொறுக்கப் போகிறவர்களுக்கு அடுத்த மழையில் கிடைக்க ஒன்றும் இருக்காது.

வேறு மரம் நட்டால் சரியாகிவிடாதா?

பஸ்தரில் ஒருமுறை கிட்டத்தட்ட அது நடந்தே விட்டது. 1970-களின் நடுவில், பஸ்தர் மத்தியப் பிரதேசத்தில் இருந்தபோது, உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் வந்தது. சாலக் காட்டின் ஒரு பகுதியை அகற்றிவிட்டு, காகிதக் கூழுக்காக கரீபியன் பைன் மரங்களை நடுவது என்று யோசனை. சால விதை, இலை, பிசின், காளான் என்று அந்தக் காட்டையே நம்பியிருந்த பழங்குடி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

காகிதத்தில் பார்த்தால் காட்டுக்குப் பதில் காடு. மரத்துக்குப் பதில் மரம். மண்ணுக்கடியில் என்ன மாறும் என்பது எந்தக் கணக்கிலும் வராது. சாலத்தை வெட்டிவிட்டு மறுபடி சாலத்தையே நடலாம் என்றாலும் அது லேசான காரியம் இல்லை. சால விதை உதிர்ந்து ஒன்றிரண்டு வாரங்களுக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும். முளைத்த கன்று பல ஆண்டுகள் மேலே பட்டுப்போவதும் மறுபடி துளிர்ப்பதுமாக இருக்கும். வனத்துறையினர் நாற்றங்காலில் வளர்க்கச் சிரமப்படும் மரங்களில் இது ஒன்று.

மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன என்கிறார்களே?

சமூக ஊடகங்களில் அதிகம் சுற்றும் கதை இது. தாய்மரம் தன் குட்டி மரங்களுக்குப் பூஞ்சை வலை வழியே பால் கொடுப்பது போல உணவு அனுப்புகிறது, ஆபத்து வந்தால் எச்சரிக்கிறது என்றெல்லாம் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

தொடக்கம் உண்மையான ஆய்வுதான். 1997-ல் கனடாவின் சூசன் சிமார்ட் குழுவினர், பிர்ச் மரக் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் இடையே கார்பன் கைமாறுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 2016-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே 40 மீட்டர் உயர ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பக்கத்தில் நின்ற வேறு இன மரங்களின் நுனிவேர்களிலும் தென்பட்டது. ஆனால் அந்த மரங்களின் மேல்பகுதியில் தென்படவில்லை.

பச்சையமே இல்லாத சில செடிகள், பூஞ்சையின் மூலம் மரத்தின் சர்க்கரையைத் திருடிப் பிழைக்கின்றன என்பதும் நிரூபணமான விஷயம். ஆகவே ஒரு மரத்தின் கார்பன் பூஞ்சைக்குள் போய், வேறொரு செடிக்கும் போகலாம் என்பதில் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அதற்கு மேல்தான். 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸெமா மூவரும் இதுவரை வந்த ஆய்வுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். உண்மையான காட்டில் பூஞ்சை வலை மரங்களைப் பரவலாக இணைக்கிறது என்பதற்கும், அதனால் கன்றுகளுக்கு நன்மை என்பதற்கும் ஆதாரம் போதாது. பெரிய மரம் தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்து அனுப்புகிறது என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். இந்த மூவரில் மெலனி ஜோன்ஸ், 1997 ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர் என்பது கவனிக்க வேண்டியது. தன் பழைய ஆய்வை வைத்துக் கட்டிய கதை அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று அவரே சொல்கிறார். சிமார்ட் தரப்பு இந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. விவாதம் தொடர்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். மரமும் மரமும் பேசுகிறதா என்பதில்தான் சண்டை. மரமும் பூஞ்சையும் கொடுத்து வாங்குகின்றன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்தக் கூட்டணியை எது கெடுக்கும்?

அளவுக்கு மீறிய உரம் முதல் காரணம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடிக்குக் கூட்டாளி தேவைப்படாது. சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். டிஏபியை மூட்டை மூட்டையாகக் கொட்டும் வயலில் வேர்ப் பூஞ்சை குறைவது இதனால்தான். நெதர்லாந்தில் பண்ணைகளிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் காற்றில் கலந்து காட்டில் படியும் நைட்ரஜன், வேரோடு வாழும் பல காளான்களை அரிதாக்கிவிட்டது.

ஆழமாகத் திரும்பத் திரும்ப உழுதால் பூஞ்சை இழைகள் அறுந்துபோகும். மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனால் பூஞ்சையும் கூடவே போய்விடும். சுரங்கம் தோண்டிய நிலத்தில் மரம் வளர்க்கச் சிரமப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் என்ன செய்யலாம்?

விவசாயிகளுக்கு இது புதிதில்லை. கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 'வேம்' என்ற பெயரில் வேர் உட்பூசண உயிர் உரத்தைத் தயாரித்துத் தருகிறது. நாற்றங்காலிலும் பாலித்தீன் பையிலும் விதைக்கும்போதே வேருக்குப் பக்கத்தில் படும்படி இடுவதுதான் முறை. வளர்ந்த மரத்தின் மேல்மண்ணில் தூவுவதால் பெரிய பலன் இருக்காது. கடையில் வாங்கும் எல்லா பாக்கெட்டையும் நம்பவும் முடியாது. வெளிநாடுகளில் சோதித்தபோது பல பாக்கெட்டுகளில் உயிருள்ள பூஞ்சையே இல்லை. இன்னொன்று, நெல்லுக்கும் தென்னைக்கும் கொடுக்கும் பூஞ்சை பைனுக்கோ சாலத்துக்கோ உதவாது. அவற்றின் கூட்டாளி வேறு.

மரக்கன்று நடுகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. கொஞ்சம் தொழு உரம், உதிர்ந்த இலைகளை எரிக்காமல் அப்படியே மூடாக்காக விடுவது, அதே இன மரம் பக்கத்தில் ஆரோக்கியமாக நின்றால் அதன் அடிமண் ஒரு கைப்பிடி. நோயுள்ள மரத்தடி மண் மட்டும் வேண்டாம். தூர ஊரிலிருந்து மண் கொண்டுவருவதும் நல்லதில்லை, நோய்க் கிருமியும் கூடவே வரலாம்.

அப்போ, போடாவைப் பயிரிடவே முடியாதா?

காட்டை விட்டுப் பிரித்து முடியாது. மரத்தோடு சேர்த்து முடியும். பிரான்ஸில் 1970-களிலிருந்து ட்ரஃபிள் பூஞ்சை ஏற்றிய ஓக் கன்றுகளை நட்டு, பல ஆண்டுகள் காத்திருந்து அறுவடை செய்கிறார்கள். தாய்லாந்தில் போடாவின் நெருங்கிய சொந்தமான ஒரு காளானைச் சாலத்தின் உறவுக்கார மரக் கன்றுகளில் ஏற்றி வளர்க்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் முதலில் மரம் வேண்டும். அந்த மரம் வளர்ந்து நிற்க வேண்டும்.

ஒரு சாலக் காட்டை வெட்டிவிட்டு, ஒன்றுக்குப் பத்து கன்று வேறெங்கோ நடுகிறோம் என்று சொன்னால், எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். அடுத்த ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும், குச்சியோடு காட்டுக்குப் போகிற பெண்ணின் கூடையில் என்ன இருக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.